ஐம்பத்தெட்டு ஒரு நாளும் அழுததில்லை

வார்சா, செப்டம்பர் 3

ஆகிம்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடத் தோன்றியிருக்கும். போடு, ஆனால் படித்துவிட்டுப் போடு. படித்ததும் எரித்துவிடு என்றுதான் நானும் கேட்கப்போகிறேன்.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். மெயிலில் எழுத முடியாது. லேப்பில் எங்கள் மெயிலைப் படிக்கிறார்கள், நான் சொல்லப்போவதோ வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விஷயம். அதனால்தான் தபால்.

ஆகஸ்டில் உங்கள் சுரங்கத்துக்குப் புது மீத்தேன் சென்சார் ஐம்பத்தொன்று வந்திருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, முன்னால் சின்னத் திரை, ஓரத்தில் நம்பர். அவை எங்கள் லேப்பில் செய்தவை. உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தது நான். லாரி கிளம்பிய அன்று, அங்கே மீத்தேன் அளக்கும் ஆள் என் தம்பிதான் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மீத்தேன் ஒரு வகை ஒளியைத் தின்னும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, சிலிக்கானுக்கும் தெரியாது. அதனால் இண்டியமும் காலியமும் ஆர்செனிக்கும் கலந்து வளர்த்த இன்னொரு படிகத்தைச் சிலிக்கான் சிப்பின் மேல் ஒட்டுகிறோம். பசை கிடையாது. இரண்டையும் மெருகேற்றி, கழுவி, முகத்தோடு முகம் வைத்து அழுத்தினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஒத்துப்போகாத இருவருக்குக் கல்யாணம் செய்துவைக்கிற மாதிரிதான். சூடு ஏறினால் ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். நடுவில் துளி ஈரம் மாட்டியிருந்தால் அங்கே கொப்புளம் கிளம்பும், மேலே இருக்கும் படிகம் தூக்கிக்கொள்ளும், அதன் பார்வை மங்கும்.

ஒவ்வொரு சிப்பிலும் இரண்டு கண் வைத்திருக்கிறோம். இடது கண் மீத்தேன் தின்னும் ஒளியைப் பார்க்கும். வலது கண் மீத்தேன் தொடாத ஒளியைப் பார்க்கும். வலதைவிட இடதுக்கு வெளிச்சம் குறைந்தால் வாயு இருக்கிறது என்று சென்சார் அலறும். அறுபது சிப்பும் ஒரே வட்டத் தகட்டில் பிறந்தவை. ஐம்பத்தொன்று உங்களுக்கு வந்தது, ஒன்பது என்னிடம் மிச்சம், எல்லாம் சின்ன நம்பர். போன வாரம் அந்த ஒன்பதுக்கும் சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். நாலில் கொப்புளம். நாலிலும் இடது கண் மங்கிவிட்டது.

எங்கள் தலைவர் லெஷெக்கிடம் சொன்னேன். "டிசம்பர் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம் லிடியா. ஒம்பது சிப்பை வெச்சுக்கிட்டு ஊரைக் கூட்டாதீங்க" என்றார்.

கெட்டாலும் நல்ல பக்கமாகத்தான் கெடுகிறது என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். இடது கண் மங்கினால் வாயு இல்லாதபோதும் அலறும். வாயு இருக்கும்போது சும்மா இருந்துவிடாது. ஆகவே அலறினால் பதறாதே, ஆனால் ஒவ்வொரு முறையும் உன் கை மீட்டரால் சரிபார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சபினாவுக்கும் குட்டி ஹானியாவுக்கும் என் அன்பு. சொல்ல மனமிருந்தால் சொல்.

அக்கா
லிடியா


ரிப்னிக், செப்டம்பர் 11

அக்கா,

இருபது மாதம் வாயே திறக்காமல் இருந்தாய். திறந்ததும் பயமுறுத்தல். நீ மாறவே இல்லை.

போன தடவை நீ என்னிடம் பேசியதை நான் மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. மேஜையில் கெண்டை மீன் ஆறிக்கொண்டிருக்கிறது, சபினாவின் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் உலகமெல்லாம் கிறிஸ்துமஸ் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து நல்ல உடம்பும் சந்தோஷமும் வாழ்த்தும். நீ என் அப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டுக்கொண்டு, "அடுத்த வருஷமும் இந்த மேஜைல நீ உசிரோட இருக்கணும்டா, அந்தக் குழியை விட்டு வெளிய வா" என்றாய். அதன் பிறகு மூன்று வாரம், நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஹானியா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுரங்கத்து வீட்டில் அந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேஜையில் யாரும் எடுப்பதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்கு அது தெரியாதா?

சரி, விடு. உன் கடிதத்தால் ஒரு நன்மை. பன்னிரண்டாம் நம்பர் என்று உன் பிள்ளை ஒன்று, காற்று வெளியேறும் வழியில் தொங்குகிறது. மாட்டிப் பதினைந்து நாள் ஆகிறது, ஷிஃப்டுக்கு நாலு தடவை அலறுகிறது. இரண்டு சதவிகிதம் என்று சிவப்பு விளக்கு எரிந்தால் நான் ஓட வேண்டும், வெட்டும் இயந்திரம் நிற்க வேண்டும், ஃபோர்மன் ஷிமூராவின் முகம் கடுக்க வேண்டும். பசங்க அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஆகிம், மாமியார் கூப்புடுறாங்க, போய் என்ன வேணும்னு கேளு" என்று என்னை விரட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பழைய சென்சார் ஒன்று இருக்கிறது. அது எப்போது பார்த்தாலும் 0.9 தான்.

இத்தனை நாள் எதை நம்புவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது, மாமியார் பொய் சொல்கிறாள். செய்தவளே எழுதிக் கொடுத்துவிட்டாய். உன் பெயரை எடுக்காமல் ஷிமூராவிடம் சொன்னேன். கழற்றிவிடலாம் என்றார்.

கடிதத்தை எரித்துவிட்டேன். சபினா யாருடையது என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். "நல்லா இருக்காங்களாமா?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறாயா?

ஆகிம்


வார்சா, செப்டம்பர் 17

ஆகிம்,

கழற்றாதே. இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதித் தந்தி மாதிரி அனுப்ப நினைத்தேன்.

நான் எழுதியது என்ன, நீ படித்தது என்ன? ஒன்பதில் நாலு கெட்டது என்றால் ஐந்து நல்லது. பன்னிரண்டு அந்த நாலில் சேர்த்தியா ஐந்தில் சேர்த்தியா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் கை மீட்டரால் சரிபார் என்றேன். கை மீட்டர் எவ்வளவு காட்டியது? நீ எழுதவே இல்லை.

இன்னொன்று. பழையது எப்போதும் 0.9 என்கிறாய். இயந்திரம் வெட்டும்போதும் 0.9, நிற்கும்போதும் 0.9 என்றால் அது சென்சாரா, சுவரில் மாட்டிய படமா? வெட்டும்போது வாயு கூடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஏன் கூடவில்லை?

லெஷெக் நேற்று நான் இல்லாதபோது என் மேஜை இழுப்பறையைத் திறந்திருக்கிறார். ஒன்பது சிப்பும் அங்கேதான் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாலையைப் பற்றி மன்னிப்புக் கேட்க நாலு முறை எழுதி நாலு முறையும் அடித்துவிட்டேன். சொன்ன இடம் தப்பு. குழந்தையின் முன்னால் சொன்னதும் தப்பு. சொன்ன விஷயம் தப்பென்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. நீ இறங்கும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம். ஒன்றும் நடக்காத நாளிலும் அதே பயம்தான். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டாய், இப்படித்தான் இருக்கிறேன்.

பதில் போடு. எண்ணை எழுது.

லிடியா


ரிப்னிக், செப்டம்பர் 26

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் மாமியார் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். 12-ம் தேதியே கழற்றியாயிற்று. ஷிமூரா வார்சாவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினால் யார் சொன்னது, எதற்குக் கழற்றினீர்கள் என்று விசாரிப்பார்கள், உன் தலை உருளும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். உள்ளே பேட்டரி இருக்கிறதே, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். 0.0 என்றாள். வீட்டில் மட்டும் சமர்த்து.

கை மீட்டரைப் பற்றிக் கேட்கிறாய். பதினேழு வருஷமாக இதே வேலை செய்கிறேன். மேலே வெள்ளை உடுப்புப் போட்டு, தூசியில்லாத அறையில் இருப்பவள் எனக்குப் பாடம் எடுக்காதே. பழையது ஏன் ஏறுவதில்லை என்றால், இயந்திரம் நிற்காமலிருக்க அதன் மேல் நல்ல காற்றுக் குழாய் ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது. யார் கட்டினார்கள் என்று கேட்காதே, இங்கே யாரும் கேட்பதில்லை.

கோபமாக எழுத உட்காரவில்லை. நல்ல செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் பிள்ளைகளில் ஒன்று தேறிவிட்டது. நம்பர் ஐம்பத்தெட்டு.

போன வெள்ளிக்கிழமை நிலக்கரி வெட்டுமுகத்தின் மேல் மூலையில் கூரைக்கல் விழுந்து அங்கிருந்த பழைய சென்சார் நசுங்கிப் போயிற்று. மாற்று வர இரண்டு வாரம் ஆகுமாம். வாயு வந்து தேங்குகிற இடமே அதுதான், வெறுமனே விட முடியாது. "புதுசுல எதுடா நம்பலாம்?" என்று ஷிமூரா கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, ஐம்பத்தெட்டைக் கொண்டுபோய் மாட்டினேன். வந்ததிலிருந்து ஒரு நாளும் அழுததில்லை. 0.3, 0.2, மறுபடி 0.3. கரண்ட்டை நிறுத்தும் கம்பியையும் அதோடு இணைத்துவிட்டார்கள். அந்த வெட்டுமுகத்தில் இருபத்தாறு பேர், எல்லோருக்கும் இப்போது அதுதான் காவல். எங்க அக்கா செஞ்சது என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

இன்னொரு சௌகரியம், கூரை சரியில்லாத அந்த மூலைக்குள் தவழ்ந்து போக வேண்டியதில்லை. ஐந்து மீட்டர் தள்ளி நின்று விளக்கடித்தால் திரை பளிச்சென்று தெரிகிறது.

டிசம்பர் நாலு புனித பார்பரா நாள், சுரங்கத்துக்காரர்களின் திருவிழா. பாண்டு வாத்தியம், ஊர்வலம் எல்லாம் உண்டு, சபினா இறைச்சி ரோலடாவும் சிவப்புக் கோஸும் செய்வாள். வா. ஹானியாவுக்கு உன்னை அடையாளம் தெரியுமா என்று பார்ப்போம்.

ஆகிம்


ரயிலில், செப்டம்பர் 29, மதியம்

ஆகிம்,

இதைச் சபினாவின் கையில் கொடுக்கப்போகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால் நீ மேலே வந்துவிட்டாய் என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருக்கும்வரை நீ இதைப் படிப்பாய் என்று நம்ப முடிகிறது, அதற்காகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் பத்தரை மணிக்கு வந்தது. ஐம்பத்தெட்டு என்ற எண்ணைப் படித்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சபினாவைக் கூப்பிட்டேன். காலை ஷிஃப்ட் என்றாள். "ஏதாவது விஷயமா அண்ணி?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

பிறகு சுரங்கத்தின் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். யாரும்மா நீங்க என்றார் அந்த ஆள். என் முழுப் பெயரைச் சொன்னேன், லேப்பின் பெயரைச் சொன்னேன், அந்தச் சிப்பைச் செய்தவள் நான்தான் என்றும் சொன்னேன். மேல் மூலையில் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கை மீட்டரோடு ஆளை அனுப்பச் சொன்னேன்.

"சென்சார் 0.3 தான காட்டுது?" என்றார்.

"அதுதாங்க பயமா இருக்கு" என்றேன்.

என் பெயரை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுதுவது எனக்குக் கேட்டது. அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் எழுதி நான் பார்த்ததில்லை.

என் தப்பைச் சொல்கிறேன். அறுபது சிப்பும் வட்டத் தகட்டில் ஒரே பக்கம் பார்த்தபடி அச்சடிக்கப்படும், வகுப்பில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி. ஈரம் தங்குவது தகட்டின் விளிம்பில், கொப்புளம் கிளம்புவதும் விளிம்பில். நம்பர் இடமிருந்து வலமாகப் போகும். இடது ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சுவர்ப் பக்கம் இருப்பது இடது கண். என்னிடம் மிச்சமிருந்த ஒன்பதும் இடது ஓரம். கெட்ட நாலிலும் இடது கண்தான் கெட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கெட்டால் இடதுதான் கெடும், வெறுமனே அலறும், ஆபத்தில்லை என்று உனக்கு எழுதினேன். வலது ஓரத்துப் பிள்ளைக்குச் சுவர்ப் பக்கம் இருப்பது வலது கண் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வலது கண் மங்கினால் இரண்டும் ஒரே அளவு மங்கலாகத் தெரியும், வித்தியாசம் இருக்காது. வாயு எவ்வளவு இருந்தாலும் சென்சார் சும்மா இருக்கும்.

ஐம்பத்தெட்டு வலது ஓரம், ஆகிம். அது சமர்த்துப் பிள்ளை இல்லை, குருடு.

இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரயில் மாற வேண்டிய கடோவிட்சேவுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். எதிரே ஒரு அம்மா ஆப்பிள் நறுக்கி எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதுகிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் நிறுத்தவும் பயமாக இருக்கிறது.

லிடியா


ரிப்னிக், அக்டோபர் 4

அக்கா,

சுரங்கத்துக் கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நீ நின்றதைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். நான் ரோட்டைக் கடப்பதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டாய். உன்மேல் கோபமில்லை. நீ வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைச் சபினா அன்று சாயங்காலம் கொடுத்தாள். இன்றுதான் பேனாவைப் பிடிக்க முடிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். சபினாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும்.

பதினொன்றேகால் இருக்கும், ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஷிமூரா போனை வைத்துவிட்டு வந்தார். "உங்க அக்கா கன்ட்ரோல் ரூமுக்கே போன் பண்ணிருக்காங்கடா. வார்சாவுல உக்காந்துக்கிட்டு நம்ம மூலைல வாயு இருக்குன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. போய்ப் பாத்துட்டு வந்துரு, இல்லேன்னா நேர்லயே எறங்கி வந்துருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கரண்ட்டை நிறுத்தவில்லை. 0.3-க்கு யார் நிறுத்துவார்கள்?

தவழ்ந்து போனேன். கூரை முனகிக்கொண்டிருந்தது. மூலையில் ஐம்பத்தெட்டு பச்சை விளக்கோடு 0.3 என்றது. கை மீட்டரைக் கழியில் மாட்டிக் கூரைக்குத் தூக்கினேன். 1.5 வந்தது. பிறகு 2.6. பிறகு 4.3. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. ஐந்தைத் தொட்டால் ஒரு பொறி போதும் என்று உனக்குத் தெரியும். கீழே இயந்திரம் நிலக்கரியைக் கடித்துக்கொண்டிருந்தது, அதன் பல் கல்லில் பட்டால் பொறி பறக்கும். ஐம்பத்தெட்டு என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அப்போதும் 0.3.

கத்தினால் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தலை விளக்கைக் கழற்றி வட்டமாகச் சுற்றினேன். நிறுத்து என்பதற்கு எங்கள் சைகை அது. அவர்கள் பார்த்து நிறுத்துவதற்குள் ஒன்பது எண்ணினேன். அந்த ஒன்பதை இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சோப்புப் போடும்போது, ஹானியாவுக்கு ஷூ மாட்டும்போது, ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடுகிறது.

இருபத்தாறு பேரும் நடந்து வெளியே வந்தோம். லிஃப்டுக் கூண்டில் ஷிமூரா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கூண்டு மேலே வந்துவிட்டது.

இனி என் தப்பு. நீ உன்னுடையதை எழுதிவிட்டாய். கல் விழுந்த பிறகு ஆறு நாளாக அந்த மூலைக்கு நான் தவழ்ந்து போகவே இல்லை. எனக்குக் கூரையைப் பார்த்துப் பயம். தள்ளி நின்று திரையைப் பார்த்து, கை மீட்டரால் அளந்த மாதிரி நோட்டில் 0.3 என்று எழுதினேன். பன்னிரண்டு அலறியபோதும் ஒரு தடவைகூட மீட்டரைத் தூக்கிப் பார்த்ததில்லை. பக்கத்தில் பழையதைப் பார்ப்பேன், 0.9 இருக்கும், திரும்பிவிடுவேன். பழையதன் மேல் காற்றுக் குழாயை யார் கட்டினார்கள் என்று கேட்காதே என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்காரர்கள் வந்து ஐம்பத்தெட்டை எடுத்துப்போய்விட்டார்கள். பன்னிரண்டைப் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை. அதை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல். அது பொய்தானே சொன்னது? பொய் என்று மட்டும் எழுதிவிடு அக்கா, எனக்கு அது போதும்.

ஆகிம்


வார்சா, அக்டோபர் 12

ஆகிம்,

பார்சல் வந்தது. பன்னிரண்டைப் பழைய துண்டில் சுற்றி அனுப்பியிருந்தாய், அதில் உங்கள் சமையலறை மாவு ஒட்டியிருந்தது.

நான் இப்போது லேப்பில் இல்லை. 30-ம் தேதி காலையிலேயே லெஷெக் என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டு செஞ்சிருக்கலாமே லிடியா" என்றார். செப்டம்பரில் சொன்னேனே என்றேன். அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது சிப், நான் எழுதிய இரண்டு அறிக்கை, உனக்கு எழுதியதன் சாரம் எல்லாவற்றையும் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கையெழுத்தை மீறியதற்கு வழக்கு வரும் என்கிறார்கள். வரட்டும், அந்தப் பயம் சின்னப் பயம்.

சோதனை செய்ய மட்டும் அவர்கள் என்னையே கூப்பிட்டார்கள். அந்த மைக்ராஸ்கோப்பை ஓட்ட வேறு ஆள் இல்லை. அவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஐம்பத்தெட்டைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அடியில் கொப்புளம், கண்ணில் முக்கால்வாசி தூக்கிக்கொண்டிருந்தது. நாலு சதவிகித வாயுவை ஊதினோம். 0.3 என்றது.

பிறகு பன்னிரண்டு.

உனக்குப் பொய் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரே வரிதான் கேட்டிருக்கிறாய், எழுதினால் யாருக்கு நஷ்டம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த அறையில் இரண்டு பேர் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள், எப்படியும் உன் காதுக்கு வரும். அதற்காக மட்டும் இல்லை. நீ மறுபடி ஒரு சென்சாரின் முன்னால் நிற்கப்போகிறவன்.

பன்னிரண்டில் கொப்புளம் இல்லை. இரண்டு கண்ணும் தெளிவு. ஒன்றை ஊதினால் 1.0, இரண்டை ஊதினால் 2.0. தினம் ஷிஃப்டுக்கு நாலு தடவை அது உன்னைக் கூப்பிட்டது நிஜம், ஆகிம். உங்கள் வழியில் அவ்வளவு நாளும் இரண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. இடது கண் கெட்டிருந்தால் சமையலறையிலும் அலறியிருக்கும். மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் 0.0 என்று நீ எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டைப் படித்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அதை நம்பாதே என்று உனக்குச் சொன்னவள் நான். கழற்றியது நீ, கழற்ற வைத்தது என் கடிதம். அந்தக் கடிதத்தை நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன், உன் உயிருக்குப் பயந்துதான் எழுதினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லிடியா


ரிப்னிக், அக்டோபர் 21

அக்கா,

பொய் எழுதாததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மனம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் ஏணியைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொன்னேன். என் பெயரை மட்டும் சொன்னேன். குழாயைக் கட்டியது யார் என்று கேட்டார்கள், மறுநாளும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை, ஆனால் நான் சொல்லிவிட்டேன் என்றுதான் பசங்க நினைக்கிறார்கள். குளியலறையில் உடை மாட்டும் சங்கிலிக் கொக்கிகள் இருக்கிறதே, என் கொக்கிக்கு இரண்டு பக்கமும் இப்போது காலி. ஷிமூரா மட்டும் தூரத்திலிருந்து தலையாட்டுகிறார்.

மீத்தேன் அளக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். திங்கட்கிழமையிலிருந்து வேறு வெட்டுமுகத்தில் சாதாரண ஆள். சபினா விட்டுவிடு என்கிறாள், பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு வேலை கிடைக்கும்வரை இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா. அப்பம் பிடும்போது எனக்கு எதுவும் வாழ்த்தாதே. சும்மா பிட்டுக் கொடு, நான் சும்மா வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பதினேழு வருஷம் எண் ஏறினால் பயந்தேன். இப்போது பூஜ்யத்தைப் பார்த்தால்தான் பயப்படுகிறேன். சமையலறைக் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பூஜ்யம் வரும், அதைக்கூடப் பார்க்க முடியவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று புது இடத்தைப் பார்த்துவர இறங்கினேன். அங்கே மீத்தேன் அளப்பவன் பெயர் விட்டெக். பழக்கமுள்ளவன்தான், வேலை தெரிந்தவன்தான், என்னோடு இன்னும் பேசுகிற இரண்டு மூன்று பேரில் ஒருவன். மேல் மூலையில் கூரை அங்கேயும் சரியில்லை. கை மீட்டர் அவன் இடுப்பில் தொங்கியது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மூலைக்குள் தவழ்ந்து போய் அளக்கிறாயா என்று கேட்டேன்.

அவன் விளக்கைத் திருப்பி மூலையில் தொங்கிய சென்சாரைக் காட்டினான்.

"எதுக்குண்ணே? இங்கேருந்தே தெரியுது பாருங்க. 0.3."

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட்.

ஆகிம்